மானை மான் என்று எழுதும் வேலை

தேர்தல் முடிந்ததும் ஒரு வேலைக்குக் கிராக்கி கூடும். புதிதாக வென்றவரின் அலுவலகத்தில் உட்கார்ந்து மனுக்களுக்குப் பதில் எழுத, பத்திரிகைக் குறிப்பு தயாரிக்க, மேடைக்குப் போகும் முன் நாலு வரி எழுதிக் கையில் கொடுக்க ஆள் வேண்டும். தமிழ் படித்தவர்கள், இதழியல் படித்தவர்கள், சமூகப்பணி முடித்தவர்கள், இப்போது பொறியியல் முடித்தவர்களும் அந்த நாற்காலிக்கு வருகிறார்கள். முதல் வாரம் அவர்களுக்குக் கற்றுத் தரப்படும் தொடர் 'ஆவன செய்யப்படும்'. இரண்டாம் வாரம் 'பரிசீலனையில் உள்ளது'. மூன்றாம் வாரம் இரண்டையும் யோசிக்காமலே எழுதக் கை பழகிவிடும். அந்த மூன்றாம் வாரம் வருவதற்குள் படிக்க வேண்டிய சில பாடங்கள் சீனத்தில் இருக்கின்றன.

ஏன் சீனம், குறளில் இல்லாததா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லிக் குறளின் கூர் நமக்கு உறைப்பதில்லை. அது போக, அந்தப் பழைய சீன ஆசான்கள் பேசியது பெரும்பாலும் அலுவலகத்தைப் பற்றி. கன்பூசியஸே தகுந்த பதவி தேடி நாடு நாடாக அலைந்தவர். வேலை தேடி அலைந்தவனின் அறிவுரையில் ஒரு நடைமுறைப் புத்தி இருக்கும்.

வெய் என்ற நாட்டில் அப்போது ஒரு வில்லங்கம். தாத்தா இறந்ததும் பேரன் அரியணை ஏறிவிட்டான். நாட்டை விட்டு ஓடியிருந்த அப்பன் திரும்பி வரப் பார்க்கிறான். மகன் வாசலை அடைத்து வைத்திருக்கிறான். யார் அரசன், யார் வாரிசு, யார் பகைவன் என்று எவராலும் நேராகச் சொல்ல முடியாத நிலை. அங்கே உங்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் முதலில் எதில் கை வைப்பீர்கள் என்று சீடர் சீலு கேட்டார். பெயர்களைச் சரிசெய்வதில் என்றார் குரு. சீலுவுக்கு இது சுற்றுவழியாகப் பட்டது; வெளிப்படையாகச் சொல்லித் திட்டும் வாங்கினார். குருவின் விளக்கம் ஒரு சங்கிலி. ஒன்றை அதற்குரிய பெயரால் அழைக்காவிட்டால் உத்தரவு குழம்பும்; உத்தரவு குழம்பினால் காரியம் கெடும்; அது வளர்ந்து தண்டனை ஆள் மாறி விழும் வரை போகும்; கடைசியில் குடிமகன் அசையவே பயப்படுவான்.

தமிழ் வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மதுரையில் நடந்தது இதுதான். பொற்கொல்லன் கோவலனுக்குக் கள்வன் என்று பெயர் வைத்தான். மன்னன் விசாரிக்காமல் அந்தப் பெயரை ஏற்றான். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்ற கேள்வி வெட்டு விழுந்த பிறகுதான் எழுந்தது. உண்மை தெரிந்ததும் பாண்டியன் அரசன் என்ற பெயரைத் தன்னிடமிருந்து கழற்றிவிட்டு, கோவலன் மேல் ஏற்றிய பெயரைத் தானே எடுத்துக்கொள்கிறான். சிலப்பதிகாரத்தில் எனக்குப் பிடித்த நிர்வாக நடவடிக்கை அது. தாமதமானது, ஆனால் துல்லியமானது.

நேர்மையான மொழி என்றால் பொய் சொல்லாமல் இருப்பது என்று பொதுவாக நினைக்கிறோம். அரசியல் அலுவலகத்தில் அது போதாது. 'ஆவன செய்யப்படும்' என்பதில் பொய் ஏதும் இல்லை. யார் செய்வார், எதைச் செய்வார், எப்போது செய்வார் என்பவையும் இல்லை. தலைவரின் வாயிலிருந்து வரும் ஒரு சொல் யார் மீதாவது ஒரு வேலையைச் சுமத்த வேண்டும். சுமத்தாத சொல்லுக்கு எவ்வளவு கண்ணியமான தோற்றம் இருந்தாலும் அது காலி உறை.

மனு மேசையில்

மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர். வீடுகளுக்கு நடுவே சின்னங்கள், சின்னங்களுக்கு நடுவே வீடுகள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்று 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டம் வகுத்திருக்கிறது. முதல் பகுதியில் புதுக் கட்டுமானம் கூடாது. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். இரண்டாவதில் அனுமதி பெற்றுக் கட்டலாம். சட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். உங்கள் மேசைக்கு வரும் மனுவுக்கு அந்தச் சட்டமே பதில்.

ஒரு குடும்பம் மனு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குக் கல்யாணம், மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டும், வீடு 100 மீட்டருக்குள். 'தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்' என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அந்தக் கடிதத்தை அவர்கள் பூசையறையில் வைக்கிறார்கள். கடன் வாங்குகிறார்கள், செங்கல் இறக்குகிறார்கள். பிறகு நோட்டீஸ் வருகிறது. கன்பூசியஸ் சொன்ன சங்கிலியின் கடைசிக் கண்ணி அது: கையைக் காலை அசைக்கப் பயப்படும் குடிமகன். தொடக்கக் கண்ணியை மாட்டியது உங்கள் 'கனிவு'.

அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: 'உங்கள் வீடு தடைசெய்யப்பட்ட 100 மீட்டருக்குள் இருக்கிறது. மாடியில் புதிய அறைக்கு அனுமதி கிடைக்காது. இருக்கும் கூரையைப் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். விண்ணப்பப் படிவம் இணைத்திருக்கிறோம். நிரப்ப உதவி வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்கு வரவும்.' படிக்கும்போது மனம் சங்கடப்படும். தலைவருக்கு ஒரு வாக்கு போய்விடுமோ என்று அலுவலகத்தில் யாராவது முனகுவார்கள். போகலாம். ஆனால் செங்கல் இறக்கிவிட்டு நோட்டீஸ் வாங்கிய குடும்பத்தில் போவது ஒரு வாக்கோடு நிற்காது.

நிலம் பற்றிய சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். புறம்போக்கு என்பது தெருவில் வசவாகவே ஆகிவிட்டது. வருவாய்த்துறைக் கோப்பில் அது ஒரு வகைப்பாடு, அதற்குள் பல பிரிவு. நத்தம் ஒன்று, மேய்க்கால் ஒன்று, நீர்நிலை வேறொன்று. ஆட்சேபணையற்ற புறம்போக்கில் பல காலம் குடியிருப்பவருக்குப் பட்டா கிடைக்க வழி இருக்கலாம். நீர்நிலையில் இருப்பவருக்கு அந்தக் கதவு அநேகமாக மூடியது. மேடையில் தலைவர் 'இங்குள்ள அனைவருக்கும் பட்டா' என்று முழங்கினால் இந்த இரண்டு பேரும் ஒரே கைதட்டலைத்தான் தட்டுவார்கள். எனவே பேச்சுக்குறிப்பு எழுதும் முன் கிராம நிர்வாக அலுவலரைப் பிடித்து அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்னவாக இருக்கிறது என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை. நான் பார்த்தவரை பேச்சு எழுதுகிறவர்களில் இதைச் செய்கிறவர் மிகக் குறைவு.

கடற்கரைப் பக்கம் வந்தால் சிக்கல் வேறு மாதிரி. வலை காயப்போடும் மணலை ஒரு துறை 'காலி இடம்' என்று எழுதும், இன்னொரு துறை 'ஆக்கிரமிப்பு' என்று எழுதும். சுற்றுலாக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் நீங்களே 'அழகுபடுத்த வேண்டிய பகுதி' என்று எழுதிவிடுவீர்கள். 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் மேலாண்மைத் திட்ட வரைபடத்திலேயே குறிக்கச் சொன்னது. வரைபடத்தில் ஏறாத இடத்துக்காகப் பின்னால் வாதாடுவது கடினம். குப்பத்துக்காரர் அந்த இடத்தை எப்படி அழைக்கிறாரோ, எதற்குப் பயன்படுத்துகிறாரோ அதையே முதல் குறிப்பில் எழுதுங்கள். துறையின் சொல்லை அடுத்த வரியில் சேர்த்தால் போதும்.

விரைவில்

இந்தச் சொல்லுக்குத் தனி எச்சரிக்கை. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சிறிது தூரத்தில் கல்பாக்கம். அங்கே 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004-இல் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 26 சுனாமியில் தோண்டிய குழிக்குள் கடல் புகுந்தது. 2010-இல் முடிப்பதாகத் திட்டம். உலையின் மையத்தை நிரப்பும் பணி தொடங்கியது 2024 மார்ச்சில். பொறியியல் தாமதத்துக்கு ஆயிரம் நியாயம் இருக்கும். இந்த அளவில் இந்தியாவில் முதன்முறை செய்யும் வேலை அது. நமக்கு அதில் இருக்கும் பாடம் சொல் பற்றியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு 'விரைவில்' அறிவிப்பும் அதற்கு முந்தைய அறிவிப்பைச் செல்லாக்காசு ஆக்கியது.

உங்கள் நகராட்சியின் மழைநீர் வடிகாலுக்கும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது. தேதி தெரியாவிட்டால் தேதி எழுத வேண்டாம், கட்டத்தை எழுதுங்கள். 'மதிப்பீடு தயார், தொழில்நுட்ப அனுமதி வரவில்லை' என்பது ஒரு தகவல். 'ஒப்பந்தப்புள்ளி கோரினோம், ஒருவரும் வரவில்லை' என்பது அதைவிட நல்ல தகவல், ஏனென்றால் ஏன் வரவில்லை என்று மக்கள் கேட்பார்கள், அந்தக் கேள்வி தலைவருக்கே உதவும்.

சொன்னது, செய்தது

கன்பூசியஸுக்கு இரண்டு நூற்றாண்டுக்குப் பின் வந்த ஹான் பெய் இன்னும் கறாரான ஆள். அறத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை குறைவு, கணக்கின் மேல் அதிகம். ஒரு அமைச்சர் என்ன சொன்னார், என்ன நடந்தது, இரண்டையும் அருகருகே வைத்துப் பார் என்பதுதான் அவரது முறை. பெரிதாகச் சொல்லிச் சிறிதாகச் செய்தவருக்குத் தண்டனை. அதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். சிறிதாகச் சொல்லிப் பெரிதாகச் செய்தவருக்கும் தண்டனை என்கிறார். இங்கேதான் நம் அலுவலகங்கள் திடுக்கிடும். ஆறு மாதம் ஆகும் என்று சொல்லி மூன்று மாதத்தில் முடித்துப் பாராட்டு வாங்குவதை நாம் சாமர்த்தியம் என்கிறோம். ஹான் பெய் அதைப் பொய்க்கணக்கு என்பார். அடுத்த முறை உண்மையாகவே ஆறு மாதம் தேவைப்படும்போது தலைவர் உங்களை நம்பமாட்டார், மூன்றாக வெட்டுவார்.

அவர் சொல்லும் கதை ஒன்று. மன்னர் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார். குளிருமே என்று அவருடைய தொப்பிக்குப் பொறுப்பான ஊழியர் மேலங்கியை எடுத்துப் போர்த்தினார். விழித்த மன்னர் மகிழ்ந்தார், யார் போர்த்தியது என்று விசாரித்தார், பிறகு இருவரைத் தண்டித்தார். அங்கிக்குப் பொறுப்பானவரை வேலையைச் செய்யாததற்காக. தொப்பிக்காரரை அடுத்தவர் வேலையில் புகுந்ததற்காக. இது கொடுமை என்றே எனக்குத் தோன்றுகிறது, அலுவலகத்தில் இதை நடத்தைவிதி ஆக்கவும் சொல்லமாட்டேன். ஆனால் கவுன்சிலர் மின்வாரிய வேலையையும் சட்டமன்ற உறுப்பினர் கவுன்சிலர் வேலையையும் 'நான் செய்து தருகிறேன்' என்று ஏற்றுக்கொண்டு, கடைசியில் மின்கம்பம் யார் பொறுப்பு என்று எவருக்கும் தெரியாமல் போகும் ஊர்களில் அந்தக் கதைக்கு வேலை இருக்கிறது. பத்திரிகைக் குறிப்பில் தலைவர் 'வலியுறுத்தினார்' என்றால் வலியுறுத்தினார் என்று எழுதுங்கள். 'செய்து கொடுத்தார்' என்று ஏற்றாதீர்கள்.

பெயருக்கும் செயலுக்கும் இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க மாமல்லபுரத்துப் பாறைகளே போதும். பல்லவர்களுக்குப் பட்டப்பெயர் மோகம். கடற்கரைக் கோயிலோடு நாம் சேர்த்துப் பேசும் இராசசிம்மன், காஞ்சி கைலாசநாதர் கோயிலில் தனக்கு 250-ஐ ஒட்டிப் பட்டங்கள் செதுக்கி வைத்தான். மாமல்லபுரத்துத் தருமராசர் ரதத்திலும் பட்டங்களின் வரிசை இருக்கிறது. விளைவு என்ன? ஒரே பட்டத்தைப் பல மன்னர்கள் சூடியதால், எதை யார் கட்டினார் என்பது இன்னும் சண்டை. 1962-இல் இரா. நாகசாமி மாமல்லபுரத்துச் சின்னங்கள் எல்லாமே இராசசிம்மன் காலத்தவை என்று வாதிட்டார், மற்றவர்கள் மறுத்தார்கள், தீர்ந்தபாடில்லை. புகழைப் பொறித்தவன் பொறுப்பைப் பொறிக்க மறந்துவிட்டான். ஆனால் அவனுக்கு முன்னோனான மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் விட்டுச் சென்ற கல்வெட்டைப் பாருங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்புச் சாந்து எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை ஆக்கியதாகச் சொல்கிறது. பட்டம் ஒன்று அதிலும் இருக்கிறது, அது இல்லாமல் பல்லவர் ஏது. ஆனால் சொன்ன செய்தியைப் பதின்மூன்று நூற்றாண்டுக்கு மேல் கழித்து இன்றும் நேரில் போய்ச் சரிபார்க்கலாம். திறப்பு விழாக் கல்லுக்கு வாசகம் எழுதச் சொன்னால் மகேந்திரனைப் பின்பற்றுங்கள்.

இராசசிம்மனுக்கே ஒரு சீனத் தொடர்பும் உண்டு. கி.பி. 720-இல் அவன் அனுப்பிய தூது டாங் அரசவைக்குப் போனது. தன் யானைகளையும் குதிரைப்படையையும் கொண்டு அரபியரையும் திபெத்தியரையும் தண்டிப்பதாகச் சொல்லி, அந்தப் படைக்கு ஒரு பெயர் கேட்டான் என்று சீனக் குறிப்புகள் சொல்கின்றன. பேரரசரும் மகிழ்ந்து, அறத்தைப் போற்றும் படை என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டினார். காஞ்சி எங்கே, திபெத் எங்கே. படை புறப்படும் முன் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. இன்றும் அரசாணை வருவதற்கு முன் திட்டத்துக்குப் பெயர் வந்துவிடுகிறது. பெயர் யோசிக்கச் சொன்னால், நிதி எந்தக் கணக்குத் தலைப்பில், பொறுப்பு அலுவலர் யார் என்று முதலில் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். கேளுங்கள்.

இரண்டு நாள் சந்திப்பு

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று சுற்றினார்கள். மோடி வேட்டியில் வந்தார். மறுநாள் பேச்சு கோவளத்தில். முந்தைய ஆண்டு வூகானில் நடந்ததைப் போல இதற்கும் 'முறைசாரா உச்சிமாநாடு' என்று பெயர். ஒப்பந்தம் இல்லை, கூட்டறிக்கை இல்லை. இரு தரப்பும் தனித்தனியே குறிப்பு வெளியிட்டன. என் கணக்கில் அது நேர்மையான பெயர். கையெழுத்து எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று முன்கூட்டியே சொன்ன பெயர்.

பிசகு விழுந்தது அதன் மேல் ஏற்றிய அலங்காரத்தில். 'வூகான் உணர்வு', 'சென்னைத் தொடர்பு' என்று சந்திப்புக்குச் செல்லப்பெயர்கள் சூட்டப்பட்டன. 2020-இல் உறவின் 70-ஆம் ஆண்டுக்கு 70 நிகழ்ச்சிகள், தமிழ்நாட்டுக்கும் சீனத்தின் பூஜியனுக்கும் சகோதர மாநில உறவு, மாமல்லபுரத்துக்கும் பூஜியனுக்கும் இடையிலான பழைய தொடர்பை ஆராய ஒரு கல்விக்கழகம் என்று அறிவிப்புகள் வந்தன. பூஜியனின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதால் அந்த ஆசைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பிறகு கொரோனா. பிறகு 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இருபது இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஜூன் 19 அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை என்ற பொருளில் பிரதமர் பேசினார். எதைக் குறித்து அப்படிச் சொன்னார் என்று மறுநாள் அவரது அலுவலகம் விளக்க வேண்டியிருந்தது. சீனத் தரப்போ தன் வீரர்கள் நால்வர் இறந்ததை 2021 பிப்ரவரியில்தான் ஒப்புக்கொண்டது. பெயர்களைச் சரிசெய் என்று சொன்ன ஆசானின் தேசம் எட்டு மாதம் தன் இறந்தவர்களுக்கே பெயர் சொல்லவில்லை.

உங்கள் அளவுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெரிய நிகழ்வுக்குத் தலைவர் தரும் வாசகம், நாளைக்கு நிலைமை மாறினாலும் விளக்கம் தேவைப்படாமல் நிற்குமா என்று பாருங்கள். 'நட்பு மலர்ந்தது' நிற்காது. 'எல்லைப் பேச்சைத் தொடர ஒப்புக்கொண்டோம், வணிகத்துக்கு அமைச்சர் மட்டத்தில் தனி ஏற்பாடு' என்பது நிற்கும். கவுன்சிலர்களின் சமரசக் கூட்டத்துக்கும் இதே அளவுகோல்தான்.

மான் வரும்போது

கி.மு. 207. சின் பேரரசின் அவையில் அதிகாரம் மிக்க சாவ் காவ் ஒரு மானைக் கொண்டுவந்து, இதோ ஒரு குதிரை என்று பேரரசனிடம் காட்டினார். சிலர் குதிரை என்றார்கள், சிலர் வாயைத் திறக்கவில்லை, சிலர் மான் என்றார்கள். மான் என்று சொன்னவர்களை அவர் பிறகு ஒழித்தார். யார் பணிவார் என்று பார்க்க நடத்திய தேர்வு அது. அடுத்த ஆண்டுக்குள் பேரரசே போய்விட்டது.

எந்த அலுவலகத்திலும் ஒரு நாள் மான் வரும். மூன்று ஊரில் நடந்த முகாமை 'மாவட்டம் முழுவதும்' என்று எழுதச் சொல்வார்கள். நிறைந்த கூட்டத்தில் எழுந்து 'இது மான்' என்று சொல்லும் வீரம் வேண்டாம். தலைவருக்கு முகம் போனால் அவர் குதிரை என்றே சாதிப்பார். கூட்டத்துக்கு முன் தனியாக, ஒரே தாளில், எண்ணிக்கையோடு கொடுங்கள்: 'ஐயா, நடந்தது மூன்று ஊர். மாவட்டம் என்று போட்டால் மற்ற ஊர்க்காரர்கள் எங்களுக்கு எப்போது என்று கேட்பார்கள்.' பெரும்பாலான தலைவர்கள் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வார்கள், அவர்கள் அரசியல்வாதிகள். 'மூன்று ஊரில் முடிந்தது, அடுத்தது இந்த நான்கு' என்று மாற்று வாசகத்தையும் கையோடு வைத்திருங்கள். மாற்று இல்லாமல் மறுப்பவரை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. அதையும் மீறிக் குதிரை என்றே போகட்டும் என்றால், உங்கள் குறிப்பின் தேதியிட்ட நகல் கோப்பில் இருக்கட்டும்.

நேர்காணலுக்கே இன்னும் போகாதவர்களுக்கு ஒன்று. உங்களை அவர்கள் கேள்வி கேட்டு முடித்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள்: போன மாதம் முடியாது என்று சொல்லி அனுப்பிய பதில் ஒன்றை, பெயரை மறைத்துவிட்டு, பார்க்கலாமா? அப்படி ஒரு கடிதம் அங்கே இருந்தால், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அங்கே சேரலாம். முடியாது என்று நாங்கள் யாருக்கும் எழுதுவதே இல்லையே என்று பெருமையாகச் சொன்னால், வேறு இரண்டு இடத்திலும் விண்ணப்பித்து வையுங்கள்.